வெயில் பட்ட பால்: சேலத்துக் கண்ணாடி பாட்டில்களில் வந்த வாடை குறித்த நிகழ்வு ஆய்வு

சேர்வராயன் மலையடிவாரத்தில், கன்னங்குறிச்சியைத் தாண்டி, பதினான்கு கறவை மாடுகளை வைத்துப் பால் விற்கும் குடும்பம் ஒன்று தை மாதத்தில் பிளாஸ்டிக் பாக்கெட்டை விட்டுக் கண்ணாடி பாட்டிலுக்கு மாறியது. பாலின் வெண்மை கண்ணுக்குத் தெரிய வேண்டும், மேலே திரளும் பாலேடு தெரிய வேண்டும் என்று, நிறமே இல்லாத ஒரு லிட்டர் பாட்டில்களாகப் பார்த்து நானூறு வாங்கினார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 லிட்டர் பால், சேலம் நகரின் வடபகுதியில் 74 வீடுகளுக்கும் ஏற்காட்டில் ஒரு கடைக்கும் போய்க்கொண்டிருந்தது. மாசிக் கடைசியில் முதல் புகார் வந்தது. பங்குனி நடுவில் புகார் சொன்ன வீடுகள் பதினொன்று ஆயின. பால் பரிசோதனைக் கூடங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னை அழைத்தார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. அவற்றில் மூன்றை நானே வீணாக்கினேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

புகார் சொன்னவர்கள் யாரும் பால் திரிந்தது என்றோ புளித்தது என்றோ சொல்லவில்லை. முதலில் கவனித்திருக்க வேண்டியது அதுதான். ஒரு வீட்டு அம்மாள், "கோழியைப் பொசுக்கின மாதிரி வாடை அடிக்குதுங்க" என்றார். வேறு இரண்டு வீடுகளில் "காந்தல் வாடை" என்றார்கள்; ஆனால் பால் அடிப்பிடிக்கவில்லை, காய்ச்சுவதற்கு முன்பே அந்த வாடை இருந்தது என்று உறுதியாகச் சொன்னார்கள். ஒருவர் வெந்த முட்டைக்கோஸ் என்றார், இன்னொருவர் நனைந்த அட்டைப்பெட்டி என்றார். ஒரே பண்ணைப் பாலுக்கு இத்தனை விதமான வருணனைகள் வந்ததால் பண்ணைக்காரர் குழம்பிப் போயிருந்தார். நானும் அவற்றைத் தனித்தனிக் குறைகளாகவே எடுத்துக்கொண்டேன்.

தவறான தடங்கள்

என் முதல் சந்தேகம் தீவனத்தின் மேல் விழுந்தது. மாசியில் பச்சைப்புல் குறைந்து, சோளத்தட்டும் பருத்திக்கொட்டையும் கூடியிருந்தன. தேங்காய்ப் புண்ணாக்கும் புதிய இடத்திலிருந்து வந்திருந்தது. தீவன வாடை பாலில் ஏறுவது பழைய அனுபவம் என்பதால், புண்ணாக்கை நிறுத்தச் சொல்லிப் பத்து நாட்கள் காத்திருந்தேன். பாலின் அளவு குறைந்தது, வாடை குறையவில்லை. ஒரே தொட்டியில் கலந்து நிரப்பிய 110 லிட்டரில் பதினொரு வீட்டுப் பால் மட்டும் எப்படித் தீவன வாடை வீசும் என்று அன்றே கேட்டிருந்தால் அந்தப் பத்து நாட்கள் மிஞ்சியிருக்கும்.

அடுத்து பாட்டில் கழுவும் முறையைப் பார்த்தேன். சலவைச் சோடாக் கரைசல், பிறகு வெந்நீர், கடைசியாகக் குளோரின் கலந்த தண்ணீர் என்ற வரிசையில், கடைசி அலசலில் குறை இருக்கலாம் என்று எண்ணி, கழுவிய பாட்டில்களில் காய்ச்சி வடித்த நீரை நிரப்பி இரவெல்லாம் வைத்து முகர்ந்து பார்த்தோம். ஒன்றுமில்லை. பாலை 63 டிகிரி செல்சியஸில் முப்பது நிமிடங்கள் வைத்துப் பிறகு 4 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். பாஸ்பட்டேஸ் சோதனை அந்தச் சூடாக்கல் சரியாக நடந்திருப்பதைக் காட்டியது. மெத்திலீன் நீலச் சோதனையில் நிறம் போவதற்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஆகவே நுண்ணுயிர்ப் பெருக்கமும் இல்லை. கொதிக்க வைத்தபோது திரியவில்லை. பண்ணையில் எடுத்துவைத்த மாதிரி பாட்டில் ஒவ்வொன்றும் நல்ல பாலாகவே இருந்தது. பண்ணையை விட்டுக் கிளம்பும்போது நன்றாக இருந்த பால், வீட்டுக்குள் நுழையும்போது கெட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள்

தடம் மாறியது பண்ணைக்காரரின் மனைவி வைத்திருந்த ஒரு கோடு போட்ட நோட்டினால். எந்த வீடு, எந்தத் தேதி, என்ன சொன்னார்கள் என்று அவர் எழுதி வைத்திருந்தார். அதைக் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, புகார்களில் பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் விழுந்திருந்தன. மாடுகளுக்கு ஞாயிறு தெரியாது. பாட்டில் கழுவும் தொட்டிக்கும் தெரியாது. ஞாயிறு தெரிந்தவர்கள் வாடிக்கையாளர்கள் மட்டுமே. அன்றைக்குத் தாமதமாக எழுகிறார்கள், பாட்டில் வாசலில் நெடுநேரம் நிற்கிறது.

வீடுகளை நேரில் போய்ப் பார்த்தேன். பதினொன்றில் ஒன்பது வீடுகள் கிழக்குப் பார்த்த வாசல் கொண்டவை. பாட்டிலைச் சுற்றுச்சுவரின் மேலோ கேட்டின் கம்பி வளையத்திலோ வைத்துவிட்டுப் பையன் போய்விடுகிறான். பண்ணை வண்டி ஐந்தரைக்குக் கிளம்பி ஏழே முக்காலுக்குச் சுற்றை முடிக்கிறது. முன்பாதி வீடுகளுக்கு விடியுமுன்பே பால் போய்விடும். அந்த வீடுகளிலிருந்து ஒரு புகாரும் இல்லை. மேகம் கவிந்திருந்த ஒரு முழு வாரத்தில் எங்கிருந்தும் புகார் இல்லை. தையிலும் மாசி முற்பகுதியிலும் புகார் வராததற்கும் இதுவே விளக்கம் தந்தது: மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், அந்தப் பனிமூட்டம்தான் எட்டு மணி வரை பாட்டில்களுக்குக் குடை பிடித்திருக்கிறது.

இருந்தும் என் மனம் வெயிலின் சூட்டைத்தான் நினைத்ததே தவிர வெளிச்சத்தை நினைக்கவில்லை. சூடேறினால் பால் புளிக்க வேண்டும், கோழி இறகு வாடை எதற்கு வர வேண்டும் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

விடை வந்த இடம்

என் தங்கை மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். வீட்டில் பீர் வடிப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. அந்த நாட்டில் சொந்தக் குடிப்புக்காகப் பீர் வடிக்க 1963 முதல் உரிமம் வேண்டியதில்லை. நம் ஊரில் நிலைமை வேறு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் 1937 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது, இராஜாஜியின் ஆட்சியில், நம் சேலம் மாவட்டத்தில்தான். அந்த ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது. வீட்டில் பீர் வடிப்பது இங்கே குற்றம். பாலையும் காய்ச்சுகிறோம், சாராயத்தையும் காய்ச்சுகிறார்கள் என்று சொல்லும் மொழியில், மருமகன் "காய்ச்சுகிறேன்" என்று தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் என் மனைவி கதவைச் சாத்திவிடுவாள்.

அவனிடம் இந்த வாடையைப் பற்றிச் சொன்னேன். "மாமா, பாட்டில் வெயிலில் நின்றதா? நிறமில்லாத பாட்டிலா?" என்று கேட்டான். அவனுடைய முதல் பீர் இப்படித்தான் கெட்டதாம். இருபது லிட்டர் கண்ணாடிக் குடுவையை ஜன்னலோரம் வைத்து நொதிக்க விட்டிருக்கிறான். நுரை எழுவதைப் பார்க்க ஆசை. பிறகு அதைப் பச்சைப் பாட்டில்களில் அடைத்துத் தோட்டத்து மேசையில் வரிசையாக வைத்துப் படம் எடுத்திருக்கிறான். அன்று மாலை திறந்தபோது மரநாய் ஒன்று அறைக்குள் புகுந்து போனதுபோல இருந்ததாம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்தக் குறைக்கு ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நாற்றநீரைப் பீய்ச்சித் தன்னைக் காத்துக்கொள்ளும் அந்த விலங்கை நாம் பார்த்ததில்லை, ஆனால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் மரநாய் வாடை அறிந்தவர்களுக்கு ஓரளவு விளங்கும்.

பீரில் நடப்பது இதுதான். கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப் பூவைக் கொதிக்க வைக்கும்போது அதிலுள்ள ஆல்பா அமிலங்கள் உருமாறி, ஐசோ ஆல்பா அமிலங்கள் என்ற கசப்புப் பொருட்களாகின்றன. இவை தாமாக ஒளியைப் பெரிதாக உறிஞ்சுவதில்லை. ஆனால் பீரில் ரிபோபிளேவின், அதாவது வைட்டமின் பி2, சிறிதளவு இருக்கிறது. அது நீல ஒளியையும் புற ஊதாவை ஒட்டிய ஒளியையும் விழுங்கிக் கிளர்ச்சி நிலைக்குப் போய், அந்தச் சக்தியைக் கசப்பு அமிலத்தின் மேல் காட்டுகிறது. அமிலத்தின் பக்கச்சங்கிலி அறுந்து, பீரிலேயே இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு கூடி, தயோல் என்ற வகையைச் சேர்ந்த, கடும் நாற்றமுள்ள ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். வெளிச்சத்தால் பீர் கெடுகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் எழுதிவைத்தார்கள். எந்தப் பொருள் காரணம் என்பது 1960களில் ஜப்பானிய ஆய்வாளர்களின் வேலையால் தெளிவானது. இடைப்பட்ட வினையின் படிகளை 2001இல் பெல்ஜிய, அமெரிக்க ஆய்வாளர்கள் கூட்டாக விளக்கினார்கள்.

பாலில் ஹாப் இல்லை. ஆனால் ரிபோபிளேவின் இருக்கிறது, அதுவும் தாராளமாக: பசும்பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 மில்லிகிராம், பீரில் இருப்பதைப்போலப் பல மடங்கு. பால் திரிந்து பிரியும் தெளிநீரில் பச்சை கலந்த மஞ்சள் தெரிகிறதே, அது இந்த வைட்டமினின் நிறம்தான். மஞ்சளாகத் தெரியும் பொருள் நீலத்தை விழுங்குகிறது என்று பொருள். 370, 445 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டி அதன் உறிஞ்சுதல் உச்சத்தில் இருக்கிறது. பாலில் அது தாக்குவது புரதத்தில் இருக்கும் மெத்தியோனின் என்ற கந்தக அமினோ அமிலத்தை. அதிலிருந்து மெத்தியோனலும் டைமெத்தில் டைசல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்களும் உண்டாகின்றன: அவித்த உருளைக்கிழங்கு, வெந்த முட்டைக்கோஸ், பொசுங்கிய இறகு. பாலின் வெயில் வாடைக்கு மெத்தியோனலைக் காரணமாகக் காட்டிய ஆய்வு 1954இலேயே வெளிவந்துவிட்டது. வெளிச்சம் மேலும் தொடர்ந்தால் கொழுப்பும் ஆக்சிஜனோடு கூடி, நனைந்த அட்டை வாடை வரும். ஆக, பதினொரு வீட்டாரும் வெவ்வேறு குறையைச் சொல்லவில்லை. ஒரே குறையின் வெவ்வேறு கட்டங்களைச் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரியில் படித்ததாக எனக்கு நினைவிருக்கும் செய்திதான் இது. பாலை எஃகுத் தொட்டியிலும் வெள்ளை நிறமி கலந்த பாக்கெட்டிலும் மட்டுமே கையாண்ட என் வேலைக்காலத்தில், அதற்குத் தேவையே வராததால் மறந்து போயிருந்தது.

மொட்டை மாடிச் சோதனை

மருமகன் சொல்லிவிட்டான் என்பதற்காகப் பண்ணைக்காரரைச் செலவு செய்யச் சொல்ல முடியாது. சித்திரை மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரே தொட்டிப் பாலை நான்கு வகையில் வைத்தோம்: நிறமற்ற பாட்டில், அடுப்பங்கரை அலுமினியத் தாளால் கழுத்து வரை சுற்றிய அதே பாட்டில், பழுப்பு பாட்டில், பழைய வெள்ளை பாக்கெட். ஏழரை மணிக்கு வெயிலில் வைத்து, கால் மணி, அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் எடுத்து உடனே குளிர்ப்பெட்டியில் வைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து சுவைத்தோம்.

சுவைத்தவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் மூன்று எவர்சில்வர் டம்ளர்கள். இரண்டில் ஒரே பால், ஒன்றில் வேறு பால். வேறானது எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாகிவிடும் என்பதால், ஒன்பதில் ஆறு பேராவது சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்டு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நிறமற்ற பாட்டிலில் கால் மணி நேரம் நின்ற பாலை நான்கு பேர் கண்டுபிடித்தார்கள். அதை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை. அரை மணி நேரப் பாலை ஏழு பேரும், ஒரு மணி நேரப் பாலை ஒன்பது பேரும் கண்டுபிடித்தார்கள். கடைசியாகச் சொன்னதை முகர்ந்ததும், கோழி வாடை என்று சொன்ன அம்மாள், "இதேதாங்க" என்றார். தாள் சுற்றிய பாட்டிலில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று பேர், பாக்கெட்டில் நான்கு பேர், பழுப்பு பாட்டிலில் நான்கு பேர். பழுப்பு பாட்டில் இரண்டு மணி நேரம் நின்றபோது ஆறு பேர் வேறுபாட்டைக் கண்டார்கள். அது தாமதப்படுத்தும், முற்றாகத் தடுக்காது.

சூடா வெளிச்சமா என்ற என் பழைய கேள்வியும் அன்றே தீர்ந்தது. ஒரு மணி நேர முடிவில் நிறமற்ற பாட்டிலில் பால் 21 டிகிரி, தாள் சுற்றியதில் 19, பழுப்பில் 24. எல்லாவற்றிலும் அதிகம் சூடேறியது பழுப்பு. வாடை வந்ததோ நிறமற்றதில்.

காய்ச்சிப் பார்க்கவும் தவறவில்லை, ஏனென்றால் நம் வீடுகளில் பச்சைப்பால் யாரும் குடிப்பதில்லை. ஒரு மணி நேர வெயில் பாலைப் பொங்கக் காய்ச்சிச் சர்க்கரை போட்டுக் கொடுத்தபோதும் எட்டுப் பேர் கண்டுபிடித்தார்கள். அதே பாலில் சிக்கரி கலந்த காப்பி டிகாக்ஷனை ஊற்றிக் கொடுத்தபோது மூன்று பேரால்தான் முடிந்தது. வெயில் படும் வாசல் கொண்ட வேறு பல வீடுகள் ஏன் புகார் சொல்லவில்லை என்பதற்கு இது விளக்கம்: அவை காப்பி வீடுகள். புகார் சொன்னவை பெரும்பாலும் குழந்தைகளுக்கு வெறும் பால் கொடுக்கும் வீடுகள். மூக்குக்குத் தெரியாததால் கெடுதல் இல்லை என்றாகாது. ஒளியை விழுங்கும் ரிபோபிளேவின் தானும் சிதைகிறது, அதனோடு வைட்டமின் ஏயும் சியும் குறைகின்றன. வந்த வாடையைப் போக்கவும் போன வைட்டமினைத் திரும்பக் கொண்டுவரவும் வழியில்லை, பீரிலும் சரி, பாலிலும் சரி. ஆகவே தீர்வு முழுவதும் வெளிச்சம் படுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதாக இருந்தது.

எதைக் கொண்டு மறைப்பது

பீர் உலகம் கண்ட விடை பழுப்புக் கண்ணாடி. இரும்பும் கந்தகமும் சேர்ந்து தரும் அந்த நிறம், ஏறத்தாழ 500 நானோமீட்டருக்குக் கீழான ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பச்சைக் கண்ணாடி நீல ஒளியில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடும். பார்வைக்கு இருண்டிருப்பதால் காப்பு என்று நம்புவது மருமகன் செய்த பிழை. நிறமற்ற கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியைத் தடுப்பதோடு சரி. நிறமற்ற பாட்டிலில் பீர் விற்கும் ஆலைகளில் சில, ஹைட்ரஜன் ஏற்றி உருமாற்றிய ஹாப் சாற்றைப் பயன்படுத்தி இந்த வினைக்கே இடம் கொடாமல் செய்கின்றன. பாலில் மெத்தியோனினை மாற்ற முடியாது.

எனவே பழுப்பு பாட்டில் வாங்கலாம் என்றேன். பண்ணைக்காரர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "சார், காலங்காத்தால வீட்டு வாசல்ல பிரவுன் பாட்டில் நின்னா, பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?" என்றார். என் அறிவியலில் அந்தக் கணக்கு இல்லை. சேலத்தில் பழுப்பு பாட்டில் என்றால் டாஸ்மாக் நினைவுதான் வரும், இல்லையென்றால் இருமல் மருந்து. தவிர நானூறு பாட்டில்கள் வாங்கியாயிற்று.

அவருடைய மனைவி உறை தைத்துவிடலாம் என்றார். மறுநாளே இருபது உறைகள் தைத்தும் வைத்திருந்தார், அழகான வெளிர்நீலப் பாப்ளின் துணியில், பண்ணையின் பெயர்ப்பலகைக்குப் பொருத்தமாக. மாடிச் சோதனையில் ஒரு மணி நேரத்துக்கு ஏழு பேர் வாடையைக் கண்டார்கள். நீலத் துணி நீலமாகத் தெரிவதே அது நீல ஒளியை விழுங்காமல் விடுவதால்தான். தடுக்க வேண்டிய ஒளியையே அந்தத் துணி பாலுக்குள் வடிகட்டி அனுப்பியிருக்கிறது. நிறத்தைக் காட்டிலும் நெசவின் அடர்த்தி முக்கியம் என்பதும் தெரிந்தது: இருட்டறையில் உறைக்குள் கைப்பேசி விளக்கை வைத்துப் பார்த்தால், பாப்ளின் முழுவதும் ஒளிர்ந்தது. இறுதியில் அடர் அரக்கு நிறத்தில், படுக்கை விரிப்புக்கு நெய்யும் தடித்த பருத்தித் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து, பாட்டிலின் கழுத்தும் மூடும்படி மேலே சுருக்குக் கயிறு வைத்தோம். அதில் ஒரு மணி நேரத்துக்கு நான்கு பேர், இரண்டு மணி நேரத்துக்கு மூன்று பேர். முதலில் கழுத்தை மூடாமல் தைத்த உறை ஏன் தேறவில்லை என்று யோசித்தபோதுதான், பாலேடு திரண்டு நிற்பது அந்தக் கழுத்தில்தான் என்பது புலப்பட்டது.

உறையோடு, கிழக்கு வாசல் வீடுகளுக்கு மூடியுள்ள சிறு மரப்பெட்டி ஒன்றைக் கேட்டில் மாட்டினோம். தகரப் பெட்டி மலிவு, ஆனால் வெயிலில் அடுப்பாகிவிடும்; வெளிச்சத்திலிருந்து காப்பாற்றிய பாலைச் சூட்டுக்குக் கொடுப்பதில் பொருளில்லை. சுற்றின் திசையையும் மாற்றி, கிழக்கு வாசல் வீடுகளுக்கு முதலில் போகச் சொன்னேன். செலவே இல்லாத இந்த மாற்றம்தான் மிகுதியாக உதவியது என்று நினைக்கிறேன்.

ஏற்காட்டுக் கடை

ஏற்காட்டுக் கடையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பாட்டிலில் வெயிலே படவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் வண்டியில் தார்ப்பாய் போட்டிருந்தது; கடையில் பால் நேராகக் கண்ணாடிக் கதவு வைத்த குளிர்ப்பெட்டிக்குள் போனது; வெளியே பாதி நாள் மூடுபனி. ஆனாலும் இரண்டாம் நாள் பாட்டில்களில், முன்வரிசையில் இருந்தவற்றில் மட்டும், அட்டை வாடை இருந்தது. குளிர்ப்பெட்டிக்குள் இரவும் பகலும் எரியும் வெள்ளை எல்இடி குழல் விளக்கு, பாட்டிலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வெள்ளை எல்இடியின் வெண்மை நீல ஒளியிலிருந்துதான் தொடங்குகிறது. அதன் உச்சம் 450 நானோமீட்டரை ஒட்டி, ரிபோபிளேவின் விழுங்கும் இடத்திலேயே விழுகிறது. நேர் வெயிலின் நூற்றில் ஓரிரு பங்கு வெளிச்சம்தான், ஆனால் நாற்பது மணி நேரம். கடைக்காரரிடம் உறையைக் கழற்றாமல் வைக்கும்படி சொன்னோம். பால் தெரியாவிட்டால் யார் வாங்குவார்கள் என்றார். அதுவும் நியாயம்தான். ஒரே ஒரு பாட்டிலை உறையின்றிக் காட்சிக்கு வைத்து, மற்றவற்றை உறையோடு கீழ்த்தட்டில் அடுக்கி, கடை மூடும்போது விளக்கையும் அணைக்கும் ஏற்பாட்டுக்கு அவர் ஒப்பினார். காட்சி பாட்டில் பாலை அவர் மறுநாள் டீக்கு எடுத்துக்கொள்கிறார்.

விளைவு

வைகாசி முடிவில் புகார் சொன்ன வீடுகள் இரண்டாகக் குறைந்திருந்தன. ஒன்றில், உறையைக் கழற்றி பாட்டிலைச் சமையலறை ஜன்னல் திட்டில் வைப்பது வழக்கமாக இருந்தது, சொன்னதும் நிறுத்தினார்கள். மற்ற வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் அட்டை வாடை போகவில்லை. இரண்டு முறை போய்ப் பார்த்த பிறகே அவர்கள் பாலை ஊற்றி வைக்கும் பாத்திரத்தைக் கேட்டேன். பாட்டி காலத்துப் பித்தளைக் குண்டான். உள்ளே பூசிய ஈயம் தேய்ந்து செம்மஞ்சள் தெரிந்தது. செம்பு மிகச் சிறிதளவு கரைந்தாலும் பால் கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தை முடுக்கிவிடும், வெளிச்சமே வேண்டாம். பதினொரு வீடுகளில் இந்த ஒரு வீட்டின் காரணம் தொடக்கத்திலிருந்தே வேறாக இருந்திருக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாறிய மறுநாளே வாடை நின்றது. குண்டானுக்கு ஈயம் பூச ஆள் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

மருமகனுக்கு இந்த முடிவுகளை எழுதியபோது, அவன் தன் ஏற்பாட்டையும் எழுதினான். ஹாப் சேர்த்துக் கொதிக்க வைத்த நேரத்திலிருந்துதான் பீருக்கு ஆபத்து என்பதால், அதற்குப் பிறகு அது எங்கும் வெளிச்சத்தைப் பார்க்காதபடி செய்திருக்கிறான். நொதிக்கும் கண்ணாடிக் குடுவையைத் தடித்த கறுப்புத் துணியால் மூடி, மாடிப்படிக்குக் கீழுள்ள அறைக்கு மாற்றிவிட்டான். வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியில் நொதிக்க விடும் நண்பர்களுக்கும் அதையே சொல்கிறான், ஏனென்றால் அந்த வாளியும் வெளிச்சத்தை உள்ளே விடும். பழுப்பு பாட்டில்களில் அடைத்தாலும் அவற்றை மூடிய அட்டைப்பெட்டிக்குள் வைக்கிறான். பெட்டியிலிருந்து எடுத்து டம்ளரில் ஊற்றித் தோட்டத்து வெயிலில் உட்கார்ந்து குடித்தால், டம்ளர் காலியாவதற்குள்ளேயே வாடை எழத் தொடங்கிவிடுகிறது என்றும், அதற்கு மட்டும் அவனிடம் வழி இல்லை என்றும் எழுதியிருந்தான்.

பண்ணையில் இன்னும் தீராத ஒன்று உறைகளைத் துவைப்பது. பால் சிந்திய உறை ஒரே நாளில் புளித்த வாடை வீசும். ஆகவே தினமும் துவைக்க வேண்டும். ஐப்பசி மழையில் இரண்டு மடிப்புத் துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. அந்த நாட்களில் வெயில் இல்லையே, உறை வேண்டாமே என்று பையன் கேட்டான். மேகத்தின் வழியாக வரும் பகல் வெளிச்சமும் மெல்ல வேலை செய்யும் என்பதால், மரப்பெட்டி உள்ள வீடுகளுக்கு மட்டும் உறையை விட்டுவிடலாம் என்றேன். மற்ற வீடுகளுக்காக இரண்டாவது தொகுதி உறைகள் இப்போது தைக்கப்படுகின்றன. மிச்சமிருந்த வெளிர்நீலப் பாப்ளினைப் பண்ணைக்காரரின் மனைவி தலையணை உறைகளாக்கிவிட்டார்.